நாலாபக்கமும் பாடும் தூண்: பழைய ஸ்பீக்கர் ஜோடி ஒன்றைச் சரிசெய்த கதை

எல்லாத் திசையிலும் ஒலி பரப்பும் தூண் ஸ்பீக்கர் கைக்கு வந்தால் ஸ்குரூடிரைவருக்கு முன்னால் காலுக்குத்தான் வேலை. மெல்லிய ஒலியில் ஒரு குரலை ஓடவிட்டு, ஸ்பீக்கரைச் சுற்றி மெதுவாக ஒரு வட்டம் நடந்து பார்க்க வேண்டும். சாதாரணப் பெட்டி ஸ்பீக்கர் என்றால் எதிரே உட்கார்ந்து கேட்டாலே பாதி நோய் தெரிந்துவிடும். எல்லாத் திசையிலும் ஒலி பரப்பும் ஸ்பீக்கருக்கு முன்பக்கம் என்று ஒன்று கிடையாது. ஒரு பக்கம் ஊமையாகிப் போனாலும், மற்றப் பக்கங்களின் ஒலியைச் சுவர்கள் திருப்பிக் கொடுத்து அந்தக் குறையை மூடி மறைத்துவிடும். உட்கார்ந்து கேட்பவருக்கு 'ஏதோ மங்கலா இருக்கே' என்பதற்கு மேல் ஒன்றும் பிடிபடாது.

என்னிடம் வந்த ஜோடி 1970களின் தோற்றம் கொண்டது. இடுப்பளவு உயரம், உருளை வடிவம், சுற்றிலும் பழுப்பேறிய துணி. பெயர்த்தகடு இருந்த இடத்தில் இரண்டு ஆணித் துளைகள்தான் மிச்சம். மூடியைக் கழற்றித் துணி உறையை உருவினால் உள்ளே 20 செ.மீ. வூஃபர் (கீழ்ச்சுருதி ஸ்பீக்கர்) ஒன்று கூரையைப் பார்த்தபடி படுத்திருக்கிறது. அதற்கு மேலே, நுனி கீழே பார்க்க, ஒரு பிளாஸ்டிக் கூம்பு. கூம்புக்கும் மேலே மர வளையம் ஒன்றில் 5 செ.மீ. காகித ட்வீட்டர்கள் (மேல்ச்சுருதி ஸ்பீக்கர்கள்) நான்கு, திசைக்கு ஒன்றாக. கீழே உள்ள உருளை முழுக்கக் காற்றுப் போகாமல் அடைத்த பெட்டி.

நடந்து பார்த்ததில் ஒரு தூண் ஓரளவு சீராகவே பாடியது. இன்னொன்றில் எதிரெதிரான இரண்டு பக்கங்களில் 'ஸ', 'ச' எல்லாம் காணாமல் போயின. கால் வட்டம் நகர்ந்தால் திரும்பி வந்தன. இரண்டு ட்வீட்டர் செத்திருக்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் சரியாக எதிரெதிரே உள்ள இரண்டு ஒரே சமயத்தில் சாவானேன்?

வெளி டெர்மினலில் மீட்டர் வைத்து ட்வீட்டரை அளக்க முடியாது. வழியில் நிற்கும் கெபாசிட்டர் மீட்டர் அனுப்பும் டிசி (ஒரே திசை) மின்னோட்டத்தை விடாது. அதன் ஒரு காலைச் சால்டர் உருக்கித் தூக்கிவிட்டு ட்வீட்டர் வளையத்தை மட்டும் அளந்தேன். நல்ல தூணில் 6.3 ஓம். நோயாளித் தூணில் ஏறக்குறைய அதன் இரண்டு மடங்கு. விஷயம் விளங்கிவிட்டது. 8 ஓம் ட்வீட்டர்களை இரண்டிரண்டாகத் தொடரில் கோத்து, அந்த இரண்டு ஜோடிகளையும் பக்க இணைப்பில் சேர்த்திருக்கிறார்கள். அப்போது நான்கும் சேர்ந்து மறுபடி 8 ஓமாகவே நிற்கும். எதிரெதிர்த் திசைக்காரர்கள் ஒரு ஜோடி. ஒன்று அறுந்தால், சீரியல் பல்பு வரிசையைப் போல, கூட இருப்பதும் சேர்ந்து அணைந்துவிடும். ஆக, ஊமை இரண்டு, செத்தது ஒன்றுதான்.

இதற்கு ஒரு பக்க விளைவும் உண்டு. கெபாசிட்டரின் குறிப்பளவு 4 மைக்ரோஃபாரட். அது 8 ஓம் சுமையோடு சேர்ந்து சுமார் 5000 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதைப் படிப்படியாகத் தடுக்கிறது. ஒரு ஜோடி விழுந்து சுமை 16 ஓம் ஆனதும் அந்த எல்லை 2500க்கு இறங்கிவிட்டது. மிச்சமிருந்த இரண்டு ட்வீட்டர்களின் சின்னக் கோன்களும் (அதிரும் காகிதக் கிண்ணங்கள்) தங்களுக்கு ஆகாத வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒலியைக் கூட்டினால் கரகரப்பு வந்தது அதனால்தான். அந்தக் கரகரப்பைக் கேட்டு அவற்றையும் மாற்றியிருந்தால் நல்ல ட்வீட்டர்கள் குப்பைக்குப் போயிருக்கும்.

செத்த ட்வீட்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன். கோனை ஆட்டும் கம்பிச்சுருளின் (காயில்) வயர் கோனின் முதுகில் ஏறி வந்து, வெளியிலிருந்து வரும் பின்னல் கம்பியோடு சேரும் இடத்தில் ஒரு சொட்டுக் கறுப்புப் பசை. அந்தப் பசைக்குள்தான் பெரும்பாலும் அறுந்திருக்கும். விறைப்பான பசையின் விளிம்பில்தான் கம்பி ஓயாமல் மடங்கி மடங்கி ஆடுகிறது. காது குடையும் பஞ்சுக்குச்சியில் அசிட்டோன் தொட்டு, பசை இளகும் வரை பொறுமையாக ஒற்றியெடுத்தேன். உள்ளே பச்சை பூத்த செம்பு. காயில் கம்பி தலைமுடி தடிமன்தான் இருக்கும். அதன் மேல்பூச்சைப் பிளேடு முனையால் சுரண்டி, ஈயம் பிடிக்க வைத்து, பழைய பின்னல் கம்பியையே அரை சென்டிமீட்டர் உள்ளே இழுத்துப் பற்றவைத்தேன். இங்கே இரும்புச் சாமணம் உதவாது. கோனுக்குப் பின்னாலேயே காந்தம் இருப்பதால் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்க் காகிதத்தில் குத்திவிடும். மூங்கில் குச்சியை இரண்டாகக் கீறி இடுக்கியாக்கிக் கொண்டால் நிம்மதி. பற்றவைத்த இடத்தில் மெல்லிசாகப் பசை. மீட்டர் மறுபடி 6.3 காட்டியது.

'இந்தத் தொல்லை எதற்கு, நவீன டோம் (குமிழ் வடிவ) ட்வீட்டர் ஒன்று போட்டுவிடலாமே' என்று கேட்கலாம். பெட்டி ஸ்பீக்கராக இருந்தால் நானும் யோசித்திருப்பேன். இங்கே நான்கில் ஒன்று மட்டும் வேறு குரலில் பேசினால் வட்டம் உடைந்துவிடும். ஒரு ட்வீட்டர் எவ்வளவு உசத்தி என்பதைவிட, நான்கும் எவ்வளவு ஒரே மாதிரி என்பதுதான் முக்கியம். எட்டையும் மாற்றத் துணிந்தால் மாற்றலாம். ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது.

அதனால் எட்டு ட்வீட்டரையும் கழற்றி, ஒவ்வொன்றின் ஓமையும் அளந்து, ஒரே தூரத்தில் மைக் வைத்து ஒலி அளவையும் குறித்துக்கொண்டேன். ஒன்றிரண்டு மற்றவற்றைவிட 2 டெசிபெல் உரக்கப் பேசின. தொடரில் கோக்கும்போது மின்னழுத்தம் மின்தடைக்கு ஏற்பத்தான் பங்கு பிரியும். மின்தடை வேறுபட்டால் ஒன்று கூடுதலாகவும் ஒன்று குறைவாகவும் ஒலிக்கும். ஆகவே ஓம் ஒத்துப்போனவற்றைத் தொடர் ஜோடியாக்கி, உரக்கப் பேசுபவற்றை இரண்டு தூண்களுக்கும் பங்கிட்டு மறுபடி பொருத்தினேன். 1.5 வோல்ட் பேட்டரியைத் தொட்டுப் பார்த்து, எல்லாக் கோனும் ஒரே திசையில் துள்ளுகிறதா என்று விரல் நுனியால் சரிபார்ப்பதும் இந்தக் கட்டத்தில்தான். பக்கத்துப் பக்கத்து ட்வீட்டர் இரண்டு ஒன்றுக்கொன்று தலைகீழாக இணைந்திருந்தால், இரண்டுக்கும் நடுவே உள்ள மூலையில் ஒலி மெலிந்து உள்ளே போய்விடும். அதையும் நடந்து பார்த்தால்தான் காது பிடிக்கும்.

ஏன் இப்படியெல்லாம் கட்டினார்கள்? அடிப்படைக் காரணம் அலைநீளம். ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகிறது. 100 ஹெர்ட்ஸ் அலை ஒன்றின் நீளம் 3.4 மீட்டர், 1000 ஹெர்ட்ஸ் என்றால் 34 செ.மீ. தன்னைவிட மிக நீளமான அலையை எந்தப் பெட்டி ஸ்பீக்கரும் எல்லாப் பக்கமும்தான் பரப்பும்.  அலை குறுகிக் கோனின் விட்டத்துக்கு நெருங்கும்போது ஒலி ஒரு கற்றையாக முன்னால் குவிய ஆரம்பிக்கும். 20 செ.மீ. வூஃபரில் அது 2000 ஹெர்ட்ஸ் பக்கம் நன்றாகவே தெரியும். அப்படியானால் பெட்டி ஸ்பீக்கர் சுவர்களுக்கு அனுப்புவது கேட்பவருக்கு அனுப்பும் அதே ஒலி அல்ல. கீழ்ச்சுருதி நிறைய, மேல்ச்சுருதி குறைவு. அறையில் திரும்பி வரும் ஒலி மந்தமாக இருக்கிறது.

1960களின் கடைசியிலிருந்து இதற்கு ஆளுக்கொரு வழி கண்டார்கள். அமெரிக்காவில் போஸ் 901 வந்தது 1968இல். ஒன்பது சின்ன ஸ்பீக்கர்களில் ஒன்று மட்டும் கேட்பவரைப் பார்க்கும். எட்டு பின்சுவரைப் பார்க்கும். கறாராகச் சொன்னால் இது எல்லாத் திசை ஸ்பீக்கர் அல்ல, சுவரை நம்பிப் பிழைக்கும் ஸ்பீக்கர். ஸ்வீடனில் ஸ்டிக் கார்ல்சன் சோனாப் நிறுவனத்துக்காக வடிவமைத்த பெட்டிகளில் வூஃபர் சாய்ந்து மேலே பார்க்கும். சுவரை ஒட்டி வைப்பதற்கென்றே கணக்குப் போட்டவை அவை. ஜெர்மனியின் கிரண்டிக், அவுடியோராமா என்ற பெயரில் கோளத்தைச் சுற்றி ஸ்பீக்கர் பதித்துக் கூரையிலிருந்து தொங்கவும் விட்டது. லிங்கன் வால்ஷ் என்ற அமெரிக்கப் பொறியாளரின் யோசனை எல்லாவற்றையும்விடத் துணிச்சலானது. செங்குத்தான ஒரே கோனைக் கவிழ்த்து வைத்து, அதன் முதுகே 360 டிகிரியும் பேசும்படி செய்தார். அது ஓம் என்ற நிறுவனத்தின் 'ஓம் எஃப்' ஸ்பீக்கராகக் கடைக்கு வருவதற்கு முன்பே, 1971இல், காலமாகிவிட்டார். டைட்டானியம், அலுமினியம், காகிதம் என மூன்று பொருளில் செய்த கோன் அது. என்னிடம் இருப்பது இவற்றுக்குப் பக்கத்தில் எளிய குடும்பத்துப் பிள்ளை. மேலே பார்த்த வூஃபர், தலைகீழ்க் கூம்பு, அவ்வளவுதான்.

சரி, வூஃபருக்கு வருவோம். கோனைச் சுற்றியிருந்த நுரை வளையம் தொட்டதும் பிசுபிசுத்து உதிர்ந்தது. பாலியூரிதேன் நுரையின் விதி அது. பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் ஈரக்காற்று அதைத் தின்றுவிடும். பழைய பிசினை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுச் சுரண்டியெடுப்பதுதான் இந்த வேலையிலேயே அலுப்பான பகுதி. கோன் விளிம்பில் துளி மிச்சம் இருந்தாலும் புது வளையம் அங்கே பிடிக்காது. வளையத்தை முதலில் கோனில் ஒட்டிக் காயவிட்டு, அப்புறம்தான் சட்டத்தில் ஒட்ட வேண்டும். கோனின் நடுவிலுள்ள தூசி மூடியை (டஸ்ட் கேப்) கத்தியால் வட்டமாகக் கீறி எடுத்து, காயிலுக்கும் நடுத்தண்டுக்கும் இடையில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டுகளைச் செருகி, காயிலை நடுவில் நிறுத்திக்கொண்டேன். பசை இறுகியதும் துண்டுகளை உருவிவிட்டு, 30 ஹெர்ட்ஸ் தொனியை மெதுவாகக் கொடுத்துக் காதை வைத்துக் கேட்டால், உரசல் இருந்தால் 'சர்' என்று சொல்லிவிடும். சொல்லவில்லை.

மேலே பார்த்துப் படுத்திருக்கும் வூஃபருக்கு என்றே சில தொல்லைகள் உண்டு. அதில் எல்லாம் விழும். டஸ்ட் கேப்பின் ஓரத்தில் ஐம்பது வருடத் தூசி, செத்த பூச்சி, அப்புறம் ஒரு ஊக்கு. காந்தம் கீழிருந்து இழுத்துப் பிடித்துக்கொள்ள, டஸ்ட் கேப்பின் மேல் அது குத்துக்காலிட்டு நின்றது. கீழ்ச்சுருதி வரும்போதெல்லாம் தூணில் ஒரு 'ட்ர்ர்' கேட்டதற்குக் காரணம் இதுதான். யாரோ வீடு முழுக்கத் தேடியிருப்பார்கள்.

இன்னொரு பயம் எல்லோரும் சொல்வது: படுத்த வாக்கில் வருடக்கணக்கில் இருந்தால் கோன் தன் எடையிலேயே தொய்ந்து காயில் இடம் மாறிவிடும் என்பது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அவ்வளவு கலங்க வேண்டியதில்லை. தொய்வு என்பது புவியீர்ப்பு முடுக்கத்தை, ஒத்ததிர்வு எண்ணின் (கோன் இயல்பாக அதிரும் வேகம்) 2π மடங்கை வர்க்கமாக்கி அதால் வகுத்தால் கிடைப்பது. என் வூஃபருக்கு அந்த எண் சுமார் 30 ஹெர்ட்ஸ். விடை 0.28 மில்லிமீட்டர். காயில் பல மில்லிமீட்டர் ஆடக்கூடியது; இது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. காயிலைத் தாங்கும் மடிப்புத் துணி (ஸ்பைடர்) நாள்பட இளகி இன்னும் கொஞ்சம் தாழலாம். என்னுடையதில் கண்ணுக்குத் தெரிகிற அளவு இல்லை.

கூம்பின் வேலையைப் புரிந்துகொள்ள, அதைக் கழற்றிவிட்டு ஒரு முறை கேட்டுப் பார்ப்பது நல்லது. கீழ்ச்சுருதியில் எந்த மாற்றமும் இல்லை. நீள அலைகளுக்கு இந்தச் சின்னக் கூம்பு இருப்பதே தெரியாது. குரலின் மெய்யெழுத்துகள் மட்டும் கூரைக்குப் போய்விட்டன. பாடுபவர் மாடியில் நிற்பது போல இருந்தது. மறுபடி வைத்தால் குரல் இறங்கி வந்துவிடுகிறது. இந்தக் கூம்பை மூன்று கம்பிகளில் நட்டு போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு தூணில் நட்டு தளர்ந்து கூம்பு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. சாய்ந்த பக்கம் மூச்சு அடைத்தது போலவும், எதிர்ப்பக்கம் கொஞ்சம் கூவலாகவும் இருந்ததற்கு இதுவே காரணம். நல்ல தூணில் நுனிக்கும் டஸ்ட் கேப்புக்கும் உள்ள இடைவெளியை அளந்து, இங்கேயும் அதையே வைத்து, நட்டுக்கு அடியில் ஃபெல்ட் வாஷர் போட்டு இறுக்கினேன். கூம்பைத் தட்டினால் காலி டப்பா போல ஒலித்தது. உட்பக்கம் தார் ஷீட் துண்டுகளை ஒட்டியதும் அடங்கிவிட்டது.

கெபாசிட்டர் விஷயத்தில் ஆர்வக்கோளாறு கூடாது. பழைய நான்-போலார் (ப்ளஸ், மைனஸ் பேதமில்லாத) எலக்ட்ரோலிட்டிக் வகை ஒரு தூணில் 5.2, இன்னொன்றில் 4.6 மைக்ரோஃபாரட் காட்டியது. உள்தடை 1.8 ஓம் வரை ஏறியிருந்தது. 8 ஓம் சுமைக்கு முன்னால் 1.8 ஓம் நின்றால் ட்வீட்டர் சுமார் 1.75 டெசிபெல் மங்கும். இரண்டுக்கும் 3.9 மைக்ரோஃபாரட் ஃபிலிம் வகை போட்டேன். ஃபிலிம் கெபாசிட்டரில் உள்தடை கிட்டத்தட்ட இல்லை. புதிதாக இருந்தபோது பழையதில் கொஞ்சமாவது இருந்திருக்கும். வடிவமைத்தவர் காதில் விழுந்தது அந்தக் கொஞ்சத்தோடு சேர்ந்த ஒலிதான். அதனால் 0.47 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் சேர்த்தேன். இது இல்லாமல் கேட்டால் தாளத் தட்டு ஒலிகள் கொஞ்சம் துருத்திக்கொண்டு வருகின்றன. முதல் நாள் 'ஆகா' என்று இருக்கும், அப்புறம் எரிச்சல் வரும். ப்ளஸ், மைனஸ் பேதம் உள்ள சாதாரண எலக்ட்ரோலிட்டிக்கை இந்த இடத்தில் போடவே கூடாது.

துணிக்குப் பெரிய விவரம் வேண்டாம். வாயருகே பிடித்து ஊதினால் காற்று தடையின்றிப் போக வேண்டும். தையல் எந்தப் பக்கம் வரும் என்று கேட்பார்கள்: ட்வீட்டர் இல்லாத மூலையில்.

இனி வைக்கும் இடம். சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வைத்தால், பின்சுவரில் பட்டு வரும் ஒலி நேர் ஒலியைவிடச் சுமார் 2 மீட்டர் கூடுதலாக நடந்து, 6 மில்லிநொடிக்குச் சற்றுக் குறைவான தாமதத்தில் வந்து சேரும். அதைக் காது எதிரொலியாகப் பிரித்துக் கேட்பதில்லை, முதல் ஒலியோடு சேர்த்துக்கொள்கிறது. சுவரோடு ஒட்டிவிட்டால் தாமதம் ஓரிரு மில்லிநொடிக்குள் வந்து, பாடகர் நிற்கும் இடம் கலங்கிவிடுகிறது. கார்ல்சனின் பெட்டிகள் போலச் சுவருக்கென்றே கணக்கிட்டவை வேறு. இந்தத் தூண்கள் அப்படி அல்ல. என் அறையில் சுவரிலிருந்து 90 செ.மீ.யில் நிறுத்தினேன், தரையில் கனமான விரிப்பு ஒன்று. வெறும் சுவரும் வெறும் தரையும் உள்ள அறைக்கு இவை ஆகவே ஆகாது.

இன்னொரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன், இந்த ஒலியின் குணம் அதில்தான் இருக்கிறது. 50 கன மீட்டர் அறை, ஒலி அடங்க அரை நொடி என்று வைத்துக்கொண்டால், எல்லாத் திசையும் சமமாகப் பரப்பும் ஸ்பீக்கரிலிருந்து 57 செ.மீ. தள்ளிப் போனாலே நேர் ஒலியும் அறை ஒலியும் சமமாகிவிடும். அதற்கு அப்பால் அறையின் கைதான் ஓங்கி நிற்கும். நாம் எங்கே 57 செ.மீ.யில் உட்காரப் போகிறோம்? ஆக, சோபாவில் இருந்து கேட்பது பெரும்பாலும் அறையை. அந்த அறைக்குள் போகும் ஒலி எல்லாப் பக்கமும் ஒரே நிறமாக இருந்தால், திரும்பி வருவதும் அதே நிறம். எழுந்து ஜன்னலுக்குப் போனாலும், தரையில் படுத்தாலும், கதவுக்கு வெளியே நின்றாலும் வயலின் வயலினாகவே இருக்கிறது. பெட்டி ஸ்பீக்கரில் ஒரு நாற்காலிக்கு மட்டும் கிடைக்கிற சரியான ஒலி இங்கே வீட்டில் எல்லோருக்கும் கிடைக்கிறது. கொஞ்சம் குறைவாக, ஆனால் எல்லோருக்கும்.

குறையும் சொல்ல வேண்டும். முழுக்கச் சமம் என்பது மேல்ச்சுருதியில் உண்மை இல்லை. 5 செ.மீ. ட்வீட்டரே 8000 ஹெர்ட்ஸுக்கு மேல் குவிய ஆரம்பித்துவிடும். நான்கு திசைக்கு நடுவிலுள்ள மூலைகளில் கொஞ்சம் மங்கல் இருக்கத்தான் செய்கிறது. தூணைப் பாதித் திசை திருப்பி, மூலை நம் பக்கம் வரும்படி வைத்தால் குரல் மென்மையாகிறது. ட்வீட்டர் நேரே பார்த்தால் துல்லியம் கூடுகிறது. ரெசிஸ்டரைவிட இது சுலபமான டோன் கண்ட்ரோல். நான் மூலையையே நம் பக்கம் வைத்திருக்கிறேன்.

ஸ்டூடியோவில் இழைத்துச் சேர்த்த பாடல்களில், இந்தக் கிடார் இடதுபக்கம் அரையடி தள்ளி என்று விரல் நீட்டிக் காட்டும் சுகம் இதில் கிடையாது. அதற்கு ஹெட்ஃபோனோ நல்ல பெட்டி ஸ்பீக்கரோ போதும். ஓர் அரங்கில் ஒன்றிரண்டு மைக் வைத்துப் பிடித்த பதிவுகளும் பழைய மோனோ (ஒரே தட) பதிவுகளும் இதில் அசத்துகின்றன. மோனோவுக்கு ஒரு தூணை மட்டும் அறையின் நடுப்பக்கம் இழுத்து வைத்துப் பாருங்கள். ஆள் வந்து நின்று பாடுவது போல ஓர் உருவம் தெரிகிறது. இரண்டு தூணும் சேர்ந்து அதை மோனோவில் கொடுப்பதில்லை.

ஆம்ப்ளிஃபயர் (ஆம்ப்) பக்கம் பெரிய கவலை இல்லை. வூஃபருக்கு வடிகட்டி எதுவும் கிடையாது. ட்வீட்டர் 5000க்கு மேல்தான் சேர்கிறது. கீழே உள்ள எதற்கும் 8 ஓம் சுமைதான், சாதாரண ஆம்ப் தாங்கும். அடைத்த பெட்டியை மூடுவதற்கு முன் விளிம்பு காஸ்கெட்டை மட்டும் புதிதாகப் போட்டுவிடுங்கள். வூஃபர் கோனை மெல்ல அழுத்தி விட்டால் அது சோம்பலாக, இழுத்துக்கொண்டு திரும்பி வர வேண்டும். படக்கென்று வந்தால் எங்கோ காற்று கசிகிறது. என்னுடையதில் கசிவு டெர்மினல் தட்டுக்குப் பின்னால் இருந்தது, ஒரு துண்டு நுரை நாடாவில் அடைந்துவிட்டது.